வீட்டுக்குத் தனி

“பாத்ததுல இருந்து குமட்டிக்கிட்டே இருக்கு, ஷீபா,” என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினாள் சுருளிப்பட்டி உமாதேவி.

சீரியல் ரசிகைகள் குழுவில் பழக்கமானவர்கள் இருவரும். நேரில் பார்த்துக்கொண்டதில்லை. இன்று சீரியல் பேச்சே இல்லை. எவனோ சோப்புத் தூளைக் கரைத்துப் பால் தயாரிக்கும் வீடியோவை ஷீபா அனுப்பியிருந்தாள்.

“அவன் வீட்டுலயும் புள்ளைக இருக்கும்ல? அதுக இந்தப் பாலையா குடிக்கும்?”

“வீட்டுக்குன்னு தனியா ஒரு மாடு வச்சிருப்பான்க்கா,” என்று தாம்பரத்திலிருந்து பதில் வந்தது.

“த்தூ. ஊரான் புள்ளைக்கு வெசம், தன் புள்ளைக்குப் பசும்பாலா? அவனெல்லாம் சோத்தத்தான் திங்கிறானா?”

“கேட்டா, எல்லாரும் செய்யுறதுதானேன்னு சொல்லுவான்.”

“சொல்லுவான். அந்த வாயிலயே அந்தப் பால ஊத்தணும்.”

“பாப்பாவுக்குப் பாலையே நிறுத்திட்டேன்க்கா. இனிமே பழம்தான். இன்னைக்கு உங்க ஊர்ப் பன்னீர் திராட்சை வாங்கியிருக்கேன்.”

“நல்லாக் குடு தாயி. ஒடம்புக்கு நல்லது.”

போனை வைத்துவிட்டுத் திரும்பிய உமாதேவி, பள்ளியிலிருந்து வந்த மகள் திண்ணையில் அடுக்கியிருந்த பெட்டியிலிருந்து எடுத்த திராட்சைக் குலையைத் தட்டிவிட்டாள்.

“துப்புடி மொதல்ல. நேத்துத்தான மருந்து அடிச்சோம்? நமக்குன்னு கெணத்தோரக் கொடிக்கு மருந்தடிக்காமத் தனியா விட்டிருக்கோம்ல, அதுல பறிச்சுத் தின்னு.”

“அப்ப இந்தப் பெட்டியெல்லாம்?”

“அது சென்னை லோடு. எல்லாத் தோட்டத்துலயும் அடிக்கிறதுதான்.”

போன் சிணுங்கியது. ஷீபா அனுப்பிய படத்தில், கருநீல உதடுகளோடு பாப்பா சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிவப்பு இதயம் ஒன்றை அனுப்பிவிட்டு, உமாதேவி பெட்டியை ஒட்டினாள்.