எந்த மணி என்று சார்ஜன் சொல்லவில்லை

சார்ஜன் தங்கராஜுவின் பாடையைத் தூக்க நாலு பேர் போதும். தோள் கொடுக்க வாசலில் நின்றவர்கள் முப்பத்தொரு பேர்.

முதல் தோள் யாருடையது என்பதில் தகராறு. சாவு வீட்டில் இப்படியொரு சண்டையை நான் பார்த்ததில்லை.

சவ வண்டி தெம்பனிஸ் சாலையில் நின்றது. செம்மண் பாதையில் அதுவரை தோளில்தான் கொண்டுபோக வேண்டும். சார்ஜனுக்குப் பிள்ளை இல்லை. ஜொகூரிலிருந்து வந்த அண்ணன் மகன் கொள்ளிச்சட்டியோடு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான். வெயில் ஏறிவிட்டது.

பத்தாம் கட்டைக் கம்பத்தில், அதாவது பத்தாவது மைல் குடியிருப்பில், எல்லோருக்கும் தெரிந்த கதைதான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்த கையோடு கடிகாரத்தையும் பிடித்துக்கொண்டான். தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இங்கேயும். நம் ஏழரை அவனுக்கு ஒன்பது.

வேலைக்கு ஜப்பான் மணி. சோற்றுக்கும் தூக்கத்துக்கும் பழைய மணி. யார் நேரம் சொன்னாலும் நம்ம மணியா, ஜப்பான் மணியா என்று சேர்த்தே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அன்றைக்குக் குழப்பம்தான்.

நாற்பத்து மூன்றில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. பத்தாம் கட்டையிலிருந்து முப்பத்தொரு பேர். அங்கே போனவன் திரும்புவதில்லை என்ற பேச்சும் கூடவே வந்தது.

சார்ஜன் முதல் நாள் சைக்கிளில் வீடு வீடாகப் போனார். நாளைக்கு ஒன்பது மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிடு என்றார். எந்த மணி என்று சொல்லவில்லை. சயாம் என்று கேட்ட பயத்தில் யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் எல்லோரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளை அழவிட்டு, பழைய மணி ஒன்பதுக்குப் போய் நின்றார்கள். லாரி எப்போதோ போய்விட்டது. ரயில் அவர்களுக்காகக் காத்திருக்குமா?

சார்ஜன் படியில் உட்கார்ந்திருந்தார். ஜப்பான்காரன் கத்தி உறையால் அடித்ததில் இடது காதிலிருந்து ரத்தம் வடிந்தது. அந்தக் காது அதோடு போயிற்று.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். விசாரித்துவிட்டு அதே உடுப்பை அவரிடமே கொடுத்தான்.

பிறகு பதின்மூன்று வருடம் பத்தாம் கட்டைக்கு அவர்தான் சட்டம். யாரையும் விலங்கு போட்டு இழுத்துப் போனதில்லை. சேவல் சண்டையோ, கள்ளுக்கடை அடிதடியோ, நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துவிடு என்பார். எந்த மணி சார்ஜன் என்று குறும்புக்காரர்கள் கேட்பார்கள். அவர் சிரித்தபடி செவிட்டுக் காதைத் திருப்பிக்கொள்வார். மறுநாள் ஆள் தானாகவே வந்து நிற்கும். அந்த மாதிரி மனிதரை இனி எங்கே பார்க்கப் போகிறோம்?

பென்ஷனுக்கு இரண்டு மாதம் இருந்தது. உடுப்பைக் கழற்றிவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு அவர் தெரிந்தேதான் எந்த மணி என்று சொல்லாமல் விட்டார் என்பதில் முப்பத்தொரு பேருக்கும் சந்தேகமே கிடையாது. ஏழெட்டு வீடுகளில் பிள்ளைக்குத் தங்கராஜு என்று பெயர். கடைக்காரர் அப்துல் காதர் அழுதுகொண்டே சொன்னார்.

"சார்ஜனுக்கா மணி தெரியாது? இந்த உசுரு அவரு போட்ட பிச்சைங்க."

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், மறந்திருப்பார் என்றேன்.

என்னை அடிக்காத குறை. யாரடா நீ என்றார்கள். நன்றி கெட்டவன் என்றார்கள். அவர் எனக்குத் தகப்பன் மாதிரி. அவரைத் தூக்கத்தான் வந்திருந்தேன். ஆனால் அவர் மறந்துதான் போனார் என்று தெரிந்தவர் ஒருவர் வாய்விட்டுச் சொல்லாமல் என்னால் அந்த மூங்கிலைத் தொட முடியாது.

மங்களம் அம்மாவையே கேட்போம் என்றார் அப்துல் காதர்.

கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மறந்துதான் போனாரு. எங்கிட்ட சொல்லி அழுதாரு. அந்தத் தம்பிய முன்னால தூக்கச் சொல்லுங்க."

முப்பத்தொரு பேரின் முகமும் தொங்கிப்போயிற்று. பதினைந்து வருடம் கும்பிட்ட மனிதர் ஒரு நிமிஷத்தில் வெறும் மறதிக்காரர் ஆகிவிட்டார்.

அந்தம்மா சொன்னது பொய். அது எனக்குத் தெரியும்.

யுத்தம் முடிந்ததிலிருந்து சார்ஜன் ஞாயிறுதோறும் பக்கத்துச் செங்காங்கில் எங்கள் வீட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டு வருவார். எனக்கு ஹார்பரில் வேலை வாங்கித் தந்தார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தார். அம்மா சோறு போடுவார், ஒன்றும் கேட்டதில்லை. கை தவறிச் செய்தவன் ஒருமுறை வந்து அழுதுவிட்டுப் போவான். பதின்மூன்று வருடம் வரமாட்டான்.

ஆனாலும் அந்தப் பொய் எனக்கு வேண்டியிருந்தது. நான் தலைமாட்டு மூங்கிலைத் தோளில் வாங்கினேன். மறுபக்கம் அப்துல் காதர்.

பாதி வழியில் அவர் ஆத்திரம் அடங்காமல், நல்ல மனிதரின் பெயரைக் கெடுத்து உனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார்.

அன்றைக்கு லாரி காலியாகப் போகவில்லை என்றேன். நேரே செங்காங் வந்தது. கண்ணில் பட்ட முப்பத்தொரு பேரை அள்ளிப் போட்டுக்கொண்டு போனது.

அவர் நடை தடுமாறியது. பாடை ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. பத்தடி போனபின், உங்கள் வீட்டில் யார் என்று மெல்லக் கேட்டார்.

அப்பா என்றேன். கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாய் கொப்பளிக்கக்கூட விடவில்லை.