கொல்லையில் பாம்பு

"உன் அத்தைகிட்ட சொல்லு, கொல்லையில புல்லு வெட்டற மெஷின் விடறதா இருந்தா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்னு!"

கூடத்திலிருந்து மாமனார் கத்தினார். மாமியார் ஆறடி தள்ளி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். காதும் நன்றாகவே கேட்கும்.

"உன் மாமாகிட்ட சொல்லும்மா, நானும் மெஷின் வேணாம்னுதான் சொல்றேன்னு."

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு வருடத்தில் இவர்கள் இருவரும் ஒத்துப்போவது இதுதான் முதல் தடவை.

இந்த நாலு வருடச் சண்டைக்குக் காரணம் ஒரு ரேடியோ. மாமனாரின் செல்ல ரேடியோவை மாமியார் பழைய சாமான்காரனிடம் தள்ளிவிட்டார். "இனி இவகிட்ட ஒரு வார்த்தை பேசினா என் மீசையை எடுத்துடறேன்!" என்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அவர் சபதம் போட்டார். அன்றிலிருந்து மருமகள்தான் இருவருக்கும் தபால்காரி. 'உப்பு கம்மின்னு சொல்லு', 'நாக்கு நீளம்னு சொல்லு' என்று நாளெல்லாம் பட்டுவாடா செய்தே அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

அதனால்தான் கொல்லைப்புறத்தின் மேல் கண் வைத்தாள். பழைய வீடு, பின்னால் ஆள் உயரத்துக்குப் புதர் மண்டிக் கிடந்தது. வெட்டிவிட்டு ஒரு நாற்காலி போட்டால், தினமும் அரை மணி நேரம் யார் மூஞ்சியையும் பார்க்காமல் உட்காரலாம். அந்த அரை மணி நேரமும் கிடைக்காவிட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று நிஜமாகவே பயந்தாள்.

"ஏன் மாமா வேணாம்?"

"பாம்பு இருக்கும்மா. தினம் சாயங்காலம் கம்பை எடுத்துட்டு எதுக்குப் போறேன்? காவலுக்கு!"

"நானும் பார்த்தேன்," என்றார் மாமியார், வெங்காயத்தைப் பார்த்தபடியே. "துணி காயப் போடப் போனப்போ. இந்தத் தண்டி!"

"பாம்பு இருந்தா வெட்டித்தானே ஆகணும்? ஆறு கப்புல ரெண்டைக் காணோம்னு கேட்டா, அதையும் பாம்பு தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்வீங்க போல!"

மாமியார் வெங்காயத்தோடு உள்ளே எழுந்து போனார். மாமனார் அவசரமாகக் கம்பைத் தேட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை புல் வெட்டுகிறவர் மெஷினோடு வந்து புதருக்குள் நுழைந்தார். மாமனார் கூடத்துக்கும் கொல்லை வாசலுக்கும் நடையாய் நடந்தார். மாமியாரோ ஒரே பாத்திரத்தை மூன்றாவது முறையாகத் துலக்கினார். திடீரென்று மெஷின் நின்றது.

"பாம்பா?" என்று மருமகள் ஓடினாள்.

வெளியே வந்தவர் கையில் ரெண்டு கப்.

"பாம்பும் இல்ல, பல்லியும் இல்லக்கா. உள்ள நடுவுல ஒரு இடம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. ரெண்டு நாற்காலி எதிரெதிரா போட்டிருக்கு. ஒரு சீட்டுக்கட்டு வேற. யாரோ தினம் வந்து உக்கார்றாங்க."

கொல்லை வாசலில் நின்ற மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மாமனார் பக்கம் திரும்பினார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கப்பைக் கையோட எடுத்துட்டு வாங்கன்னு!"

"நீதானேடி, நாளைக்குப் பார்த்துக்கலாம், ஆட்டத்தைப் போடுங்கன்னே!" என்ற மாமனாரின் கை தானாக மீசைக்குப் போனது.

நாலு வருடமாகச் சுமந்த தபால் அத்தனையும் மருமகளுக்கு ஞாபகம் வந்தது. பற்றிக்கொண்டு வந்தது கோபம். அந்த மீசையைப் பார்த்ததும் சிரிப்பு முந்திக்கொண்டது. கப்புகளை வாங்கிக்கொண்டாள்.

"அதோ அந்த மூலையில எனக்கு ஒரு நாற்காலி போட இடம் வெட்டிக் குடுங்க, போதும். நடுவுல மட்டும் கை வைக்காதீங்கண்ணே," என்றாள். "பாம்பு இருக்கு. ஒண்ணு இல்ல, ரெண்டு."