ஐம்பது நிமிடம்

"டார்ட்டுவுக்கும் ஹெல்சிங்கிக்கும் நடுவிலே எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள் மாரிகா.

நர்ஸ் கைசா திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஊர்ப் பேரை யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"நீதான் போன்ல பேசினே. காதிலே விழுந்துச்சு."

"அது வெளியே தெரியக் கூடாதும்மா. என் வேலையே போயிடும்."

"நான் யாருகிட்டே சொல்லப்போறேன்? தூரத்தை மட்டும் சொல்லு."

கைசா குரலைத் தாழ்த்தினாள். "இருநூத்தி நாப்பத்தஞ்சு கிலோமீட்டர். சின்ன விமானம். ஐம்பது நிமிஷம் ஆகும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் வைனோ தலை நிமிரவில்லை. முப்பது வருஷமாக லாரி ஓட்டுகிறவன். "ரோட்டுலே போனா கப்பலோட சேர்த்து ஆறு மணி நேரம்" என்றான், யாரிடமோ சொல்வதுபோல.

"நாலு மணி நேரத்துக்கு மேலே இதயம் தாங்காதாமே?" மாரிகா விரல் விட்டு எண்ணினாள். "பதினொரு மணிக்கு எடுத்தாங்க. ஏர்போர்ட்டுக்கு இருபது நிமிஷம். விமானம் ஐம்பது. அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ்... கடல் மேலே மூடுபனின்னு ரேடியோவிலே சொன்னானே!"

"கொஞ்சம் சும்மா இரேன்" என்றான் வைனோ. "இனிமே நம்ம கையிலே என்ன இருக்கு?"

"உனக்கென்ன! கையெழுத்தை என்னைப் போட வெச்சிட்டு நீ ஜன்னல் பக்கம் போய் நின்னுக்கிட்டே."

அவர்களுடைய ஒரே மகன் ஆர்விக்குப் பத்தொன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை, உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போகிறேன் என்று விசிலடித்துக்கொண்டு கிளம்பினான். ஸ்ட்ரெச்சரில்தான் திரும்பினான். நான்கு நாட்களாக இருவரும் இந்த வராந்தாவில்தான் இருக்கிறார்கள். கைசா வாங்கி வைத்த கறுப்பு ரொட்டி, ஒரு கடி கடித்ததோடு காய்ந்து கிடந்தது.

"அந்தப் பக்கமும் ஒருத்தி உட்கார்ந்திருப்பா, இல்லே?" என்றாள் மாரிகா. "பிள்ளையைப் பெத்தவ."

"இருப்பாங்கம்மா."

போன் ஒலித்தது. கைசா எடுத்துக் கேட்டாள், முகம் இறுகியது. "மூடுபனி. இறங்க முடியாம மேலேயே சுத்துதாம்."

மாரிகா கணவனின் கையைப் பிடித்தாள். அவன் உதறவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடம் போனது.

மறுபடியும் போன். "இறங்கிடுச்சு! ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சாம்!"

அதற்குப் பிறகு மறுபடியும் காத்திருப்பு. ஒரு மணி நேரம். இன்னும் அரை மணி.

மூன்றாவது தடவை போன் வந்தபோது மாரிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வெச்சுட்டாங்க" என்றாள் கைசா. "துடிக்குதாம்மா. முதல் தடவையிலேயே துடிக்க ஆரம்பிச்சுடுச்சாம்."

வைனோ இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். மாரிகா அழவில்லை. "துடிக்குதா... துடிக்குதா..." என்று சொல்லிக்கொண்டே நர்ஸின் தோளைப் பிடித்து எழுந்தாள். "இப்ப ஆர்வியைப் பார்க்கலாமா?"

"பார்க்கலாம்மா. பிணவறைக்குக் கொண்டுபோகாம உங்களுக்காகத்தான் வெச்சிருக்கோம்" என்றாள் கைசா. "நெஞ்சிலே இதயத்தை எடுத்த தையல் தெரியாதபடி போர்த்தியிருக்கேன்."