பூனை கலைத்த போர்

“நெப்போலியன் எல்லாத்தையும் கலைச்சுட்டான். ஆட்டம் சமன்” என்றார் வாரன். திரையில் அவர் முகம் துக்கம் விசாரிக்க வந்தவர் முகம் மாதிரி இருந்தது.

நெப்போலியன் அவருடைய பூனை. டேட்டன் நகரில் அவர் வீட்டு நிலவறை மேஜையை அடைத்துக்கொண்டு ஒரு போர் வரைபடம், அதற்கு மேலே ஒரு கேமரா. நண்பர்கள் அவரவர் இடத்திலிருந்து இணையத்தில் பார்த்துக் கட்டத்தின் எண்ணைச் சொல்வார்கள். அட்டைக் காய்களை நகர்த்துவது வாரன்.

அந்தக் குழுவில் ஜோலீன் ஒருத்திதான் பெண். சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குக் கொடுத்ததெல்லாம் படைக்கு ரொட்டி கொண்டுபோகும் லாரிகள்தான். படை கேட்டு வாரனிடம் சண்டை போட்டுப் பார்த்தாள். தன்னைத் தனியாக ஜெயித்தால் அடுத்த போருக்கு அவளே தளபதி என்று சொல்லிச் சிரித்தார் வாரன். யாரிடமும் தோற்காத மனிதர், சிரிக்கத்தானே செய்வார்.

இன்று அவளுடைய டாங்கிகள் அவர் தலைநகரின் வாசலில் நின்றன. இன்னும் ஒரே ஒரு நகர்வு. அந்த நேரம் பார்த்து வாரனின் கேமரா அணைந்தது. திரும்ப வந்தபோது காய்கள் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன.

நடுவர் லாயிட் பெருமூச்சு விட்டார். பூனை கலைத்தால் சமன், ஆட்டக்காரர் கலைத்தால் அவருக்குத் தோல்வி. பூனை வளர்க்கும் கிழவர்கள் கூடிப் போட்ட சட்டம், தன்னால் மாற்ற முடியாது என்றார்.

எந்தக் காய் எங்கே இருந்தது என்று தான் ஒப்பிப்பதாகச் சொன்னாள் ஜோலீன். ஞாபகமெல்லாம் சாட்சி ஆகாது என்று வெட்டினார் வாரன்.

“பூனை கலைச்சதை நீங்களே பாத்தீங்களா வாரன்?”

“என் கண்ணு முன்னாடிதான் குதிச்சான். இப்பக்கூட என் கால்மேலதான் படுத்திருக்கான், திமிரு பிடிச்ச பய.”

“நிஜமாவே நெப்போலியன்தானா?”

“வேற எவன் இருக்கான் இந்த வீட்டுல? வேலை இடம்னு சொல்லிக் கேமராகூட போடாம ஆடுறவ, என்னைச் சந்தேகப்படுறியா? விடு பொண்ணே. ரொட்டி லாரி ஓட்டறதும் போர்தான்.”

லாயிட்கூடச் சிரித்துவிட்டார். ஜோலீனுக்குக் காது மடல் சுட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

“லாயிட், சட்டத்தை இன்னொரு தடவை சொல்லுங்க.”

“பூனைன்னா சமன். ஆள்னா தோல்வி. அவ்வளவுதாம்மா.”

“நல்லது” என்று சொல்லி, முதல் தடவையாகத் தன் கேமராவைப் போட்டாள் ஜோலீன்.

பின்னால் வரிசையாகக் கூண்டுகள். பச்சைச் சீருடையில் உட்கார்ந்திருந்த அவள் மடியில், கழுத்தைச் சுற்றி பிளாஸ்டிக் புனல் மாட்டிய, பாதிக் காது போன ஒரு குண்டுச் செம்பூனை. லாயிட்டுக்கு அந்தக் காதைத் தெரியாதா என்ன. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

“வெள்ளிக்கிழமை பல்லு பிடுங்கறதுக்காக எங்க மிருக ஆஸ்பத்திரில நீங்க விட்டுட்டுப் போனவன், வாரன். பாவம், இன்னும் சரியா நடக்கவே இல்ல. தலைநகரத்தை என்கிட்ட ஒப்படைக்கச் சொல்றான்.”