தீவில் இறங்கத் தடை

நடுக்கடலில், மார்பளவு தண்ணீரில் நின்று கடல்பாசி பறித்துக்கொண்டிருந்த நம்புத்தாயை மறித்துக் காவல் படகு வந்து நின்றது. பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றியிருந்த துணியை அவள் அவிழ்க்கவில்லை. காய்ச்சல்காரன் உடம்பைப் போலக் கொதித்தது கடல். காலடியில் பவளப்பாறை செத்து, எலும்பாக வெளுத்துக் கிடந்தது.

“தீவுல எறங்கக் கூடாதுன்னு தெரியாதா? வெளிய போ,” என்றான் காவலன்.

“தீவு எங்க சார் இருக்கு?”

அவன் கம்பால் காட்டினான். வருஷா வருஷம் ஏறி வந்த கடல் தீவை முழுங்கிவிட்டு, தடைப் பலகையை மட்டும் வெளியே விட்டுவைத்திருந்தது. முன்பு அந்தப் பலகையைச் சுற்றி மணல் இருந்தது. மணலெங்கும் ஆலாப் பறவைகளின் முட்டைகள் இருந்தன.

“சட்டம் சட்டந்தான். எல்லைய விட்டுப் போ.”

நம்புத்தாய் காலால் தடவித் தடவி நடந்து ஓரிடத்தில் நின்றாள். “இதோட தீவு முடியுது. இன்னொரு எட்டு வச்சா ஆளே முழுகிருவேன். வச்சிரவா?”

வெகுநேரமாக வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஆலா ஒன்று, முட்டை கனத்த வயிற்றோடு அவன் படகின் முனையில் வந்து உட்கார்ந்தது. அவன் கம்பை ஓங்கினான்.

“அடிங்க சார்,” என்றாள் அவள். “அதுவும் தீவுன்னு நெனச்சுத்தான் எறங்கிருக்கு.”