கறுப்பு சூட்

“நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஆபீசுக்கு வாங்க. சூட் போட்டுக்கிட்டு வாங்க.”

ஆறாவது ஆளிடமும் தொலைபேசியில் அதைச் சொல்லிவிட்டு செகாவா கண்களை மூடிக்கொண்டார்.

பேஸ்பால் பருவம் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஒவ்வொரு அக்டோபரிலும் அணி அலுவலகத்தில் இந்த அழைப்பு அவர் வேலை. ‘சூட்’ என்றதுமே ஆட்டக்காரர்களுக்கு விளங்கிவிடும், அணி தங்களை விடுவித்துவிட்டதென்று. அதற்குமேல் யாரும் எதுவும் பேசுவதில்லை.

குராமோச்சி பேசினான். இருபத்துமூன்று வயதுப் பந்துவீச்சாளன். தோளில் இரண்டு முறை அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது.

“அண்ணே, சூட்டு பத்தாதுண்ணே. அணியில சேர்ந்தப்போ, பதினெட்டு வயசுல தச்சது. அஞ்சு வருஷமா நம்ம அணி விடுதிச் சோத்தைத் தின்னு, தோளே நுழைய மாட்டேங்குது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இந்த நாளில் பயிற்சிச் சட்டையோடு போய் நின்றால் அந்தக் கூச்சம் ஆயுளுக்கும் கூடவே வரும். செகாவாவுக்கு அது தெரியும்.

“எங்கிட்ட ஒண்ணு இருக்கு தம்பி. நானும் பழைய ஆட்டக்காரன்தானே, அகலத்துக்குக் குறைச்சல் இல்ல. காலையில கொண்டாறேன்.”

அவரிடம் இருந்ததே அந்த ஒன்றுதான். மனைவி மறுபேச்சில்லாமல் தேய்த்துக் கொடுத்தாள்.

சாப்பிட உட்காருமுன் வழக்கம்போல வீட்டுப் புத்தர் மாடத்தின் முன் கைகூப்பினார். அன்று அழைத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆறு பெயர்கள்.

பின்னால் நின்ற மனைவி மெல்லிய குரலில் இன்னொரு பெயரைச் சேர்த்தாள். அவர் காதில் விழாதவர்போல் எழுந்துகொண்டார்.

மறுநாள் எல்லோருக்கும் கடைசியாக அணி இயக்குநரின் அறையிலிருந்து வெளியே வந்தான் குராமோச்சி. கண்கள் சிவந்திருந்தன. சூட் மட்டும் அவனுக்கென்றே தைத்ததுபோல் இருந்தது. நடைவழியில் நின்ற செகாவாவைப் பார்த்து இடுப்புவரை குனிந்து வணங்கினான். பொத்தானை அவிழ்க்கப் போனான்.

“கழட்டாத. வெளிய பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்க. வீடு வரைக்கும் போட்டுக்கிட்டே போ.”

அவன் படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகு, செகாவா தன் பழைய பயிற்சிச் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு அறைக்குள் போனார்.

இயக்குநர் பட்டியலிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன செகாவா, உங்களையும் சூட்லதானே வரச் சொல்லியிருந்தேன்?”