பொலிவியாவுக்கு ஒரு டிக்கெட்

“பொலிவியாவா? பன்னிரண்டாயிரம் அடி உயரம்மா! மூச்சே விட முடியாது” என்றாள் மகள்.

“அங்க இருக்கிற பெரிய உப்புவெளியில ஒரு நாளாவது நடக்கணும்டி.” ரிட்டையரான மறுநாளே அம்மா முடிவு செய்துவிட்டாள்.

“தனியா விடமாட்டேன், நானும் வரேன். முதல்ல டாக்டர் சரின்னு சொல்லட்டும்.”

இருவருக்கும் பரிசோதனை நடந்தது. ரிப்போர்ட்டைப் படித்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

“இந்த உடம்பு அந்த உயரத்தைத் தாங்காது.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான்தான் அப்பவே சொன்னேனே!” என்றாள் மகள்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். “நான் சொன்னது உங்களை. ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. உங்க அம்மா தாராளமா போகலாம். முப்பது வருஷம் மாடி மாடியா ஏறித் தபால் கொடுத்த நெஞ்சாச்சே!”

அம்மா நிமிர்ந்து எழுந்து மகளின் தோளைத் தட்டினாள்.

“மாத்திரையை ஒழுங்கா சாப்பிடு. அடுத்த தடவை உன்னையும் கூட்டிட்டுப் போறேன்.”